372 பேரா, 375 பேரா?

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு சமவெளிக்கு இறங்கி ஓடும் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே கிடைத்த கற்களில் எடுத்தனூர்க் கல்லை ஆய்வாளர்கள் தனித்துச் சொல்வார்கள். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் பொறித்த கல் அது. எருமைகளைக் காக்கும் சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனின் பெயர் அதில் இருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு எசமானருகே காத்து நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் இருக்கிறது. எந்த அரசன் காலம், இறந்தவன் யார், யாருடைய ஆள், எதற்காக விழுந்தான் என்ற எல்லாம் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. 1,400 ஆண்டுகளுக்கு முன் மாடு காத்த ஓர் ஆளுக்கும் அவனுடைய நாய்க்கும் கிடைத்த மரியாதை இது.

நம் காலத்துச் சாவுகளுக்கு அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு விடை வருகிறது. சில பதிவுகளில் 372. சிலவற்றில் 375. அரைநூற்றாண்டு கடந்தும் அந்த மூன்று பேர் ஒரு பதிவுக்குள் வருவதும் இன்னொன்றிலிருந்து வெளியேறுவதுமாக இருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் மிகப் பெரிய நிலக்கரிச் சுரங்க விபத்து அது. விசாரணை ஆணையம் அமைந்தது, வழக்கு நடந்தது, அதன் தாக்கத்தில் ஒரு இந்திப் படம்கூட வந்தது. அப்படிப்பட்ட விபத்திலேயே எண்ணிக்கை இந்த நிலையில் இருக்கிறது என்றால், விசாரணையும் வழக்கும் இல்லாமல் போன மற்ற சாவுகள் எப்படிப் பதிவாகியிருக்கும் என்ற கேள்வி எழுகிறது.

சுரங்கத்தில் செத்தவர்களையும் தப்பியவர்களையும் ஒரு சமூகம் எப்படி நினைவில் வைக்கிறது என்பது வெறும் அஞ்சலிக் கூட்டத்தின் விஷயமாகத் தோன்றலாம். ஆவணங்களைப் புரட்டினால் அது பதிவேடு, வரைபடம், நீதிமன்றம், நஷ்ட ஈடு ஆகிய எல்லாவற்றோடும் பின்னிக் கிடப்பது தெரியும்.

முதலில் சாஸ்நாலாவில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனிக்குச் சொந்தமான சுரங்கம் அது. 1972-லேயே அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே, பழைய பணியிடங்களில் பெருந்தொகையான தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வீட்டின் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி இருப்பது போலத்தான். ஆனால் இந்தத் தொட்டிக்கு அடித்தளம் வெட்டாமல் விடப்பட்ட நிலக்கரித் தடுப்பு மட்டுமே. மதியத்தில் அந்தத் தடுப்பு உடைந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடுவதற்கு நேரம் இல்லை. தண்ணீரை இறைக்க சோவியத் ஒன்றியத்திலிருந்தும் போலந்திலிருந்தும் பம்புகள் வரவேண்டியிருந்தது. உடல்களை எடுக்கத் தொடங்கவே வாரக்கணக்கில் ஆனது. நெருக்கடிநிலை அமலில் இருந்த காலம் வேறு. பத்திரிகைகள் நினைத்ததையெல்லாம் எழுதிவிட முடியாது.

ஒரு சுரங்கத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்? இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. இறங்கும் முன் தொழிலாளி விளக்கறைக்குப் போவார். அங்கே அவருடைய எண் போட்ட தொப்பி விளக்கு கொடுக்கப்படும். ஷிஃப்ட் முடிந்து ஏறியதும் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். திரும்பி வராத விளக்கு எண்ணுக்கு உரியவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். இதைத் தவிர ஆள் பதிவேடு உண்டு. எந்த நொடியிலும் பூமிக்கு அடியில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் தெரியவேண்டும் என்பது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. சட்டம் சொன்னபடி எல்லாம் நடந்தால் இறந்தவர் எண்ணிக்கையில் இரண்டு விடைக்கு இடமே இருக்காது. ஆனால் பதிவேடு நிரந்தரத் தொழிலாளியை நம்பி உருவானது. ஒப்பந்தக்காரர் காலையில் லாரியில் ஏற்றி வந்த ஆள், ஒருவருக்குப் பதிலாக அவர் பெயரில் இறங்கிய இன்னொருவர் ஆகியோர் இந்த ஏற்பாட்டின் ஓரத்திலேயே நிற்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது பதிவேட்டில் சரியாக இல்லாதவர் செத்த பிறகு கல்வெட்டில் எப்படி வருவார்?

பதிவேடே இல்லாத சுரங்கங்களும் உண்டு. மேகாலயாவில் கிழக்கு ஜெயந்தியா மலையில் க்ஸான் என்ற இடத்தில் 2018 டிசம்பர் 13 அன்று எலிவளைச் சுரங்கம் (ஆள் தவழ்ந்து போகும் குறுகிய துளை) ஒன்றுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. பதினைந்து பேர் சிக்கினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடைசெய்த முறை அது. எனவே பதிவேடு, விளக்கறை, வரைபடம் எதுவும் கிடையாது. சிக்கியவர்கள் யார் என்பதைத் தப்பியவர்களின் வாய்மொழியும், காணாமல் போன பிள்ளைகளைத் தேடி வந்த குடும்பங்களும்தான் சொன்னார்கள். கடற்படை முக்குளிப்பவர்கள் வாரக்கணக்கில் போராடி இரண்டு உடல்களை மேலே கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் அதே மாதிரிச் சுரங்கத்தில் அதே மாதிரித் தண்ணீர் புகுந்து ஒன்பது பேர் சிக்கினார்கள்.

'அதே மாதிரி' என்ற சொல் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிக்கவேண்டும். 1954 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் நியூட்டன் சிக்லியில் தண்ணீர் புகுந்து 63 பேர் இறந்தார்கள். 1975-இல் சாஸ்நாலா. 1989-இல் ரானிகஞ்ச் அருகே மகாவீர். 1995 செப்டம்பரில் பெருமழையில் கத்ரி ஆறு உடைத்துக்கொண்டு கஸ்லிடாண்ட் சுரங்கத்தில் பாய்ந்தபோது 64 பேர். 2001 பிப்ரவரியில் பாக்டிகியில் 29 பேர். வெடிவிபத்துகளின் வரிசை வேறு: 1936-இல் போய்தியில் 209 பேர், 1958-இல் சினாகுரியில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர், 1965-இல் தோரியில் 268 பேர். ஆனால் தண்ணீர் விபத்துகள்தாம் நினைவைப் பற்றி அதிகம் பேசுகின்றன. ஏனென்றால் அவற்றில் பல, யாரோ முன்பு வெட்டிவிட்டுக் கைவிட்ட இடத்தில் தேங்கிய தண்ணீரால் வந்தவை. பழைய பணியிடம் எங்கே முடிகிறது, புதிய பணியிடம் எங்கே தொடங்குகிறது, நடுவே எத்தனை அடித் தடுப்பு மிச்சம் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கவேண்டும். கம்பெனி கைமாறும்போது வரைபடம் தொலைகிறது, அளவு பிசகுகிறது. பழைய தொழிலாளிக்குத் தெரிந்த விவரம் அவர் ஓய்வுபெற்றுப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. சாஸ்நாலாவுக்குப் பின் இருபது ஆண்டில் கஸ்லிடாண்ட், இருபத்தைந்து ஆண்டில் பாக்டிகி. மூன்றும் ஒரே தன்பாத் வட்டாரத்தில். டிசம்பர் 27-இல் மாலை வைப்பதும் வரைபடத்தைச் சரிபார்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள் என்று அந்த வட்டாரத்தின் நிர்வாகங்கள் கருதியிருந்தால், இந்த வரிசை இத்தனை நீண்டிருக்காது.

பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்மானிப்பதும் நினைவின் பகுதிதான். சாஸ்நாலா குறித்து பாட்னா உயர்நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி யு.என். சின்ஹா விசாரித்தார். குற்றவழக்கு தனியாக நடந்தது. அது முடிந்தது 2012-இல். முன்னாள் அதிகாரிகள் இருவருக்கு ஓராண்டுச் சிறை. வழக்கில் இருந்த வேறு சிலர் தீர்ப்பைக் கேட்காமலே காலமாகிவிட்டார்கள். விபத்தன்று கைக்குழந்தையாக இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தபோது வயது முப்பத்தேழு. இப்படிப்பட்ட தீர்ப்பு தண்டனையாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. ஆனால் ஒன்றைச் செய்தது. இந்தச் சாவுகள் விதியால் வந்தவை அல்ல, மனிதர்களின் தவறால் வந்தவை என்று எழுத்தில் வைத்தது. அந்த ஒரு வரிக்காகவே பல குடும்பங்கள் முதுமை வரை காத்திருந்தன.

அந்த வரியைப் பெறுவதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமம் நடத்திய போராட்டம் இங்கே பொருந்தும். 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிச் சுரங்கக் கழிவுமேடு ஒன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். சாவு விசாரணையில் ஒரு தந்தை எழுந்து, தன் பிள்ளையின் இறப்புச் சான்றில் மூச்சுத்திணறல் என்று எழுதக்கூடாது, தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதவேண்டும் என்றார். நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான தீர்ப்பாயம் பின்னர் பழியை வாரியத்தின் மீதே வைத்தது. அதற்குப் பிறகும், ஊருக்கு மேலே மிஞ்சிய கழிவுமேடுகளை அகற்றுவதற்காக, மக்களுக்கென்று உலகம் அனுப்பிய நன்கொடையிலிருந்து ஒன்றரை லட்சம் பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊர் இதை மறக்கவில்லை. 1997-இல் பிரிட்டிஷ் அரசு அசல் தொகையைத் திருப்பிக் கொடுத்தது. 2007-இல் வேல்ஸ் அரசு மேலும் பெரிய தொகையைக் கொடுத்தது. முப்பது நாற்பது ஆண்டு ஒரு ஊர் கணக்கை நினைவில் வைத்திருந்ததன் பலன் இது.

அபர்ஃபானில் தப்பிய குழந்தைகளை முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மனநல மருத்துவர்கள் சந்தித்தார்கள். பேட்டி கண்டவர்களில் 29 சதவீதத்தினருக்கு அதிர்ச்சியின் பாதிப்பு அப்போதும் நோயாகவே நீடித்தது. கெட்ட கனவு, தூக்கமின்மை, அந்த நாளின் ஓசை திடீரென்று காதில் எழுவது ஆகியவை நடுவயதிலும் விடவில்லை. தப்பியவரை 'அதிர்ஷ்டசாலி' என்று சொல்லி நகர்ந்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அவர் சுமப்பது என்ன என்பதை இப்படி உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

இந்தியாவில் தப்பியவர்களின் கதை பெரும்பாலும் மீட்டவரின் கதையாக மாறிவிடுகிறது. மகாவீர் சுரங்கம் இதற்குச் சான்று. 1989 நவம்பர் 13 அன்று தண்ணீர் புகுந்தபோது 71 பேர் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேர் மூழ்கிப்போனார்கள். மிச்சமிருந்த 65 பேரைச் சுரங்கப் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில், மேலிருந்து துளையிட்டு, இரும்புக்கூண்டு ஒன்றைச் செய்து உள்ளே இறக்கி, தானே முதலில் அதில் இறங்கி, ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். உண்மையிலேயே பெருஞ்செயல். அவருக்கு உயிர்காத்தோருக்கான உயர்ந்த விருது கிடைத்தது. 2023-இல் அக்ஷய் குமார் நடிக்க 'மிஷன் ரானிகஞ்ச்' படமும் வந்தது. ஆனால் உள்ளே இருட்டில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க, நாள்கணக்கில் காத்திருந்த அந்த 65 பேர் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பது படத்துக்குள் வரவில்லை. மூழ்கிய ஆறு பேர் கதையின் விளிம்பில் ஓர் எண்ணாக நின்றுவிட்டார்கள். வெற்றியாக முடிந்த மீட்பை நினைப்பது எளிது. தோல்வியாக முடிந்ததை நினைக்கத்தான் முயற்சி வேண்டும்.

சாஸ்நாலாவின் தாக்கத்தில் யஷ் சோப்ரா 1979-இல் எடுத்த 'காலா பத்தர்' படம் அமிதாப் பச்சன் படமாகவே நினைவில் நிற்கிறது. சினிமா விபத்தை உயிரோடு வைத்திருக்கும். இறந்தவரின் ஊரையும் பெயரையும் காப்பது அதன் வேலை அல்ல. அதைத் தொழிற்சங்கமும் குடும்பங்களும்தான் செய்யவேண்டியிருக்கிறது. சாஸ்நாலாவில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 27 அன்று நினைவிடத்தில் கூடுகிறார்கள். கூடுபவர்களில் மனைவிமார் குறைந்து பேரப்பிள்ளைகள் கூடும் காலம் இது.

தமிழருக்கு நிலக்கரி என்றால் நெய்வேலி. அங்கே இருப்பது திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்; ஆழக்குழி விபத்துகளின் வரலாறு அங்கே இல்லை. ஆனால் 2020-இல் மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்கள் அடுத்தடுத்த நாள்களில் இறந்தபோது, கொரோனா ஊரடங்கின் செய்திகளுக்கு நடுவே அது சிறு பத்தியாகப் போனது. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் ஒரே நெருப்பில் கருகிய விபத்து அது.

பூமிக்கு அடியில் தமிழர்கள் அதிகம் இறந்த இடம் கோலார் தங்கவயல்தான். நிலக்கரி அல்ல, தங்கம். ஆனாலும் வேலையும் சாவும் ஒன்றே. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தொடங்கிய அந்தச் சுரங்கங்களுக்கு ஆள் போனது பெரும்பாலும் பழைய வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து. ஜவ்வாது மலையும் அந்த வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. மலையின் மேற்கு அடிவாரத்துத் திருப்பத்தூர், ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயிலேறினால் பங்காருபேட்டை. அங்கிருந்து சுரங்கத்து வாசலுக்கே 1894-இல் போட்ட கிளைப்பாதை. நிலமில்லாத ஆதிதிராவிடக் குடும்பங்கள் ஊர்ச் சாதிக்கொடுமையிலிருந்து தப்பி ஏறிய ரயில் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் போகப்போக மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். மேலிருக்கும் மலையின் கனம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். முன்னறிவிப்புக் கொடுக்காத சாவு அது. 1950-களிலும் 60-களிலும் பெரிய பாறை வெடிப்புகள் சுரங்கத்தின் முழுப் பகுதிகளையே மூடின. இதைப் புரிந்துகொள்ளும் ஆய்வுக்காகவே 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது.

வெடிப்பில் சாகாதவர்களைத் தூசு கொன்றது. 1940-களில் அங்கே ஏழாயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோரிடம் சிலிக்கோசிஸ் நோயைக் கண்டார்கள். நுரையீரலில் கல்தூசு படிந்து, மூச்சு குறுகி, வேலையை விட்டு நின்ற பிறகு, வட ஆர்க்காட்டுக் கிராமத்துத் திண்ணையில் இருமி இருமிச் செத்தவர்கள் எந்த விபத்துக் கணக்கிலும் சேரவில்லை. இங்கேதான் நினைவுநாள் என்ற ஏற்பாட்டின் போதாமை தெரிகிறது. ஒரே நாளில் முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தால் அந்த நாளுக்குப் பெயர் வருகிறது. இருபது ஆண்டில் சிறுகச் சிறுக ஆயிரக்கணக்கில் இறந்தால் மாலை வைக்கத் தேதியே இல்லை. தூசில் செத்தவர்களையும் சேர்க்காத சுரங்க வரலாறு பாதி வரலாறுதான்.

தங்கவயல் கம்பெனிக்குத் தொழிலாளியை அடையாளம் காணத் தெரியாமல் இல்லை. 1930-இல் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்ய முனைந்தது. குற்றவாளிகளைப் போல் நடத்துகிறார்கள் என்று தொழிலாளர்கள் கொதித்து வேலைநிறுத்தம் செய்தார்கள். திருடனைப் பிடிக்கவும் வேறு வேலைக்குப் போனவனைத் தடுக்கவும் ரேகை தேவைப்பட்டது. அதே அக்கறையோடு இறந்தவர்களின் பெயரை ஒரு சுவரில் எழுதவில்லை. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஆறு தொழிலாளர்களைச் சங்கம் தியாகிகளாக நினைவில் வைத்தது. போராட்டத்தில் இறந்தவருக்குச் சங்கம் இருந்தது. பாறையில் இறந்தவருக்குக் குடும்பம் மட்டுமே இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் கூலி வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சயனைடு கழிவுமேடுகள் மட்டும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. ஊரின் பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோன 'கே.ஜி.எஃப்' கன்னடப் படங்களில் இந்த மக்களின் வரலாறு இல்லை. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024-இல் அந்தத் தொழிலாளிகளின் முன்னோரைத் திரையின் நடுவில் நிறுத்தியது. அதன் அளவில் அது முக்கியமான முயற்சி.

ஜவ்வாது மலையின் சொந்தக் காயம் ஒன்றையும் இங்கே வைத்துத்தான் பேசவேண்டும். அது சுரங்க விபத்து அல்ல. ஆனால் தூரத்து வேலைக்கு ஏஜெண்ட் கூட்டிப்போன கூலியாட்கள் கூட்டமாகச் செத்தார்கள் என்ற வகையில் சுரங்கச் சாவுகளோடு சேர்ந்தது. 2015 ஏப்ரல் 7 அதிகாலை, திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இருபது தமிழர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர், தருமபுரி ஏழு, சேலம் ஒருவர். ஜவ்வாது மலையும் சித்தேரி மலையும் ஒரே காலையில் துக்கவீடாயின. வெட்டுக்கூலிகள் கல்லும் கோடரியும் கொண்டு தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முந்தைய நாளே சிலரைப் பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்றார்கள் தப்பியவர்கள். அவர்களில் ஒருவர், பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணோடு சேர்ந்து வந்தவர் என்று நினைத்துத் தன்னை விட்டுவிட்டதாகச் சொன்னார். தேசிய மனித உரிமை ஆணையம் தப்பியவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தது. குடும்பங்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் வேண்டும் என்றது. விஷயம் நீதிமன்றங்களுக்குள் போனது.

இந்த இருபது பேரை நினைப்பதில் ஒரு தயக்கம் ஊருக்குள்ளேயே உண்டு. சட்டவிரோத வேலைக்குப் போனவர்கள் என்ற சொல் அவர்களின் பெயருக்கு முன்னால் வந்து நிற்கிறது. க்ஸான் சுரங்கத்தில் இறந்தவர்களுக்கும் இதே சொல்தான் வந்தது. மரத்தை வாங்கி விற்றவர், எலிவளையை வெட்டச் சொன்ன முதலாளி, இடையில் நின்ற ஏஜெண்ட் ஆகியோர் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள். ஒரு நாள் கூலிக்குப் போனவர் மட்டும் குற்றத்தின் முகமாகிவிடுகிறார். வேலை சட்டத்துக்கு உட்பட்டதா என்பதைப் பார்த்து அழுவதா வேண்டாமா என்று ஒரு சமூகம் முடிவெடுக்கக் கூடாது. மலையில் தினையும் சாமையும் போட்டு ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாத குடும்பம் ஏன் இறங்கிப் போகிறது என்பதும் அந்த இருபது பேரின் வரலாற்றில் சேர்த்து எழுதவேண்டிய பகுதி.

பிழைக்கப் போன இடத்தில் இறந்தவர்களை அவர்களின் சொந்த நாடு எப்படி நினைக்கலாம் என்பதற்கு இத்தாலி ஒரு வழியைக் காட்டுகிறது. பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் 1956 ஆகஸ்ட் 8 அன்று தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியிலிருந்து போன கூலிகள். 2001-இல் இத்தாலி ஆகஸ்ட் 8-ஐ, உலகெங்கும் உழைத்து உயிர்விட்ட இத்தாலியரின் தேசிய நினைவுநாளாக அறிவித்தது. சுரங்கம் இருந்த இடம் அருங்காட்சியகமாகி, 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பிரான்சின் கூரியரில் 1906 மார்ச் 10 அன்று 1,099 பேரைக் கொன்ற தூசு வெடிப்புக்கு மெரிகூரில் நினைவுக் கல்லறை உண்டு. அங்கே இருபது நாள் கழித்து பதின்மூன்று பேர் உயிரோடு ஏறி வந்தார்கள். தேடுதலைச் சீக்கிரம் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபம் பெரும் வேலைநிறுத்தத்துக்கு எண்ணெய் ஊற்றியது. வேல்ஸின் செங்கனித்தில் 1913-இல் 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். நூறாண்டு கழித்து, 2013-இல் அங்கே திறந்த தேசிய நினைவிடம் அந்த ஒரு விபத்தோடு நிற்காமல், வேல்ஸின் பிற சுரங்க விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்துக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தங்கவயலுக்கும் போய் உழைத்துச் செத்தவர்களின் எண்ணிக்கை இத்தாலியரின் எண்ணிக்கைக்குக் குறைந்தது அல்ல. அவர்களுக்கென்று ஒரு நாளை அறிவிக்கத் தமிழ்நாடு அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் நாளை அறிவிப்பதற்கு முன் செய்யவேண்டியது பெயர்களைத் திரட்டுவது. தங்கவயலின் விபத்துப் பதிவுகள், கம்பெனி மருத்துவமனையின் பதிவேடுகள், நஷ்ட ஈட்டுக் கோப்புகள், கல்லறைத் தோட்டங்களின் குறிப்புகள் ஆகியவை ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறை இறங்கினால் தேடக்கூடியவை. தகப்பன் பெயர், ஊர், எந்தச் சுரங்கம், எந்த ஷிஃப்ட், எப்படி இறந்தார் என்பதைத் திருப்பத்தூர், வாணியம்பாடி, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகக் கேட்டுச் சேர்க்கலாம். சேஷாசலத்தில் இறந்த இருபது பேரின் குடும்பங்களிடமும், நெய்வேலிக் கொதிகலனில் தப்பியவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம்.

காலம் அதிகம் இல்லை. தங்கவயலில் கடைசி ஷிஃப்ட் இறங்கியவர்களில் மிக இளையவருக்கும் இன்று ஐம்பது வயதை ஒட்டியிருக்கும். 1960-களின் பாறை வெடிப்புகளை நேரில் பார்த்தவர்கள் எண்பதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள், அவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கும். ஒலிப்பதிவுக் கருவியோடு மாணவர்கள் போகவேண்டியது இந்த ஆண்டு, முதலில் பார்க்கவேண்டியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறவர்கள்.